ஒன்பதாவது முடிச்சு

பம்பு ஓடுகிறது. தண்ணீர் வரவில்லை.
இதை மட்டும் எழுதித் துகிமானுக்கு அனுப்பினேன்.
காலிமந்தானில் அவனுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை,
மரமேறினால்தான் சிக்னல்.
இருட்டியபின் பதில் வந்தது:
"மீன் பிடித்துப் பார்த்தாயா?"

ஜாவாவில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.
காய்ந்த பம்பின் வாயில் தண்ணீர் ஊற்றி
கிணற்றில் கிடப்பதை மேலே கூப்பிடுவது
மீன்பிடிப்பு.
கொஞ்சம் போட்டால் நிறைய வரும்,
தூண்டில் கணக்கு.

பிடித்தேன்.
ஏழு குவளை. லாரிக்காரனிடம்
காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்.
மூடியை இறுக்கி சுவிட்சைப் போட்டால்
ஒரு கொப்பளிப்பு, இரண்டு இருமல்,
அப்புறம் பழையபடி வறட்டு முனகல்.
தேர்தல் முடிந்த ஊர்த்தலைவர் மாதிரி,
சூடு மட்டும் ஏறுகிறது.

மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை பூசினேன்.
உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை என்றால்
நுரை குமிழ் விடாது, உள்ளே போய்விடும்.
முழங்கை வளைவில் போனது.
கண்டுபிடித்துவிட்டேன் என்று
பக்கத்து வீட்டு சர்ஜியெம்மைக் கூவி அழைத்தேன்.
அறுத்து, பசை வைத்து, ஓர் இரவு காயவிட்டு
மறுபடி ஏழு குவளை.
மறுபடி இருமல்.

பத்து மீட்டர் குழாயையும் உருவி
மிளகாய்ச் செடிகள் மேல் கிடத்தினோம்.
அடி வால்வில் ஒரு நத்தைக் கூடு,
ஷாம்பு பாக்கெட்டின் மூலை.
அவ்வளவுதானா என்றாள் சர்ஜியெம்.
அவ்வளவில்லை.

கடைசியில் செய்தது
முதலில் செய்திருக்க வேண்டியது:
நூலில் ஒரு போல்ட் கட்டி,
மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு
கிணற்றுக்குள் விட்டேன்.
போன செப்டம்பரில் ஆறாவது முடிச்சு நனைந்தது.
இந்த முறை ஏழு காய்ந்து வந்தது,
எட்டு காய்ந்து வந்தது,
ஒன்பதுக்குக் கீழேதான் ஈரம்.

பம்பு இழுக்கிறது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.
அது எதையும் இழுப்பதில்லை.
குழாயைக் காலியாக்கிவிட்டு ஒதுங்கி நிற்கிறது.
வெளியே இருக்கிற காற்றுதான்
கிணற்றுத் தண்ணீரை மிதித்து மிதித்து
மேலே அனுப்புகிறது.
ஏழு மீட்டர், தம் கட்டினால் எட்டு.
ஒன்பது என்றால்
போயோலாலியின் மொத்த ஆகாயமும் சேர்ந்தாலும்
இந்தப் பழைய பம்புக்கு ஆகாது.

தண்ணீர் ஏறி வராவிட்டால் பம்பு இறங்கட்டும்.

"நான் வரும்வரை பொறு" என்றான் துகிமான்.
அவன் வருவது பெருநாளுக்கு, ஆறு மாதம் கழித்து.
டப்பாவில் மெழுகுவத்தி வைத்து இறக்கினேன்,
அணையாமல் திரும்பியது.
இடுப்பில் கயிறு. மறுமுனையில்
சர்ஜியெம்மும் அவள் தம்பி பார்ஜோவும்,
அவன் வாயில் அப்பளம் நொறுங்கும் சத்தம்
எனக்கு உள்ளே வரை கேட்டது.

மூன்று மீட்டர் ஆழத்தில்
சிமென்ட் வளையத்தின் துளைகளில்
இரண்டு இரும்புக் கம்பிகளைச் செருகினேன்.
அதன்மேல் பம்பு.
டார்ச்சைக் கீழே திருப்பினால்
வளையத்துக்கு வளையம் கறைக்கோடு,
ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் நின்றுவிட்டுப் போன இடம்.
எண்ணவில்லை.
போல்ட் இறுக்குகிற கை நடுங்கக்கூடாது.

நீளமாகிப்போன குழாயை வெட்டிச் சேர்த்து,
ஏழு குவளையும் ஊற்றி, மூடியை இறுக்கி
மேலே ஏறி வந்த பிறகுதான்
சர்ஜியெம் சுவிட்சில் விரல் வைத்தாள்.
இருமல்.
இன்னொரு இருமல்.
குழாய் விறைத்தது, உள்ளங்கைக்குக் குளிர்ந்தது.
திறந்த வாயில் முதலில் செம்மண், அப்புறம் காற்று,
அப்புறம் வாளியின் அடியில்
தடதடவென்று.

பம்பு ஓடுகிறது, தண்ணீர் வருகிறது
என்று எழுதி அனுப்பினேன்.
பம்பு எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை.
"எத்தனை கிலோ மீன்?" என்று கேட்டிருந்தான்.

நவம்பரில் மழை பிடிக்கும்.
கிணறு ஊறி, கோடு கோடாக ஏறி
மூன்றாவது மீட்டரைத் தொடும் முன்
பம்பை மேலே தூக்கியாக வேண்டும், மூழ்கினால் மோட்டார் போச்சு.
நேற்றுவரை மழை வராதே என்றிருந்த பயம்
இன்றிலிருந்து வந்துவிடுமே என்றும்.
நூலை ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
ஒன்பதாவது முடிச்சு இன்னும் சொட்டுகிறது.